காவிரிக் கரையில் வாந்திபேதி

சித்திரைத் தேர் காணத் திருவரங்கத்தில் கூடும் கிராமத்து மக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அவர்கள் வந்தார்கள், பெரும்பாலும் கால்நடையாகவும் வண்டி கட்டிக்கொண்டும். கூட்டம் கலைந்து திரும்பும்போது சிற்சில ஆண்டுகளில் வாந்திபேதியும், அதாவது காலராவும், உடன் செல்லும்.

1817இல் வங்காளத்து யசோர்ப் பகுதியில் பெருவாரியாகக் கிளம்பிய இந்நோய், மறு ஆண்டே சென்னை மாகாணத்தை எட்டியது. காற்றில் கலந்த நச்சாவியே காரணம் என்றனர் மருத்துவர் பலர். தெய்வத்தின் சினம் என்றனர் பொதுமக்கள். இன்று நாம் நகைப்பது எளிது. ஒரு வீட்டைத் தாக்கி அடுத்த வீட்டை விட்டுவைத்த நோய்க்கு அன்று வேறென்ன விளக்கம் கூறுவது?

1854இல் லண்டன் மாநகரில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், ஒரு தெரு அடிகுழாயின் நீரைக் குடித்தவர்களே மிகுதியாக மாண்டனர் என்று கண்டறிந்தார். 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, மனிதன் பயணம் செய்யும் வேகத்தை விஞ்சி இந்நோய் பரவுவதில்லை என்றது. நமக்கோ அந்த வேகம் ஏற்கெனவே மாறியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து இட்ட இருப்புப்பாதை 1862இல் திருச்சிராப்பள்ளியை அடைந்துவிட்டது. கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்படச் சில மணி நேரமும் ஆகலாம், ஐந்து நாட்களும் ஆகலாம். நடந்து செல்பவன் வழிச் சத்திரத்திலேயே படுத்துவிடுவான். ரயிலேறியவனோ நலமாகவே வீடு சேர்ந்து, தன் ஊர்க் குளத்தருகே நோயுறுவான்.

பரவும் வழியைச் சற்று உற்று நோக்குவோம். நோயாளியின் கழிவு கஞ்சித் தண்ணீர்போல் வெளியேறும். அதில் எண்ணற்ற கிருமிகள். அவன் துணியை ஆற்றில் அலசுவார்கள். சித்திரையில் காவிரியில் ஓட்டம் குறைந்து, நீர் ஆங்காங்கே மடுவாகத் தேங்கும். அங்கேயே குளியல், அங்கேயே குடிநீர். காற்புள்ளிபோல் வளைந்த இக்கிருமியை ராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவில் நோயாளிகளிடம் மட்டுமன்றி, ஒரு குளத்து நீரிலும் கண்டார். அது சுரக்கும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்பதை 1959இல் நிறுவியவர் நம் நாட்டவரான சம்புநாத் தே.

உடலின் நீர் வற்றியே நோயாளி இறக்கிறான். ஆனால், வாந்தி மிகுமென்று அஞ்சி, தவித்த வாய்க்குத் தண்ணீர் மறுத்த வீடுகள் எத்தனையோ! 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

நம் பெண்கள் மடுவை விடுத்து, மணலில் ஊற்றுத் தோண்டி நீர் முகந்ததும் உண்டு. மணல் ஓரளவு வடிகட்டிக் கொடுத்தது. மணலே அசுத்தமானால் ஊற்றும் கெடும். கம்பரசம்பேட்டையில் காவிரி மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து இன்று திருச்சி நகருக்கு நீர் இறைக்கிறார்கள். முறை ஏறக்குறைய அதேதான்; ஆழமும் குளோரினும் புதியவை.