காலுறையும் கித்தாப் பாலும்

மலாய் மொழியில் 'ஸ்தோக்கிங்' என்றும் 'சாருங் காக்கி' என்றும் வழங்கும் பொருளை நாம் காலுறை என்கிறோம். சிறிய பொருளாயினும் இதன் வரலாறு நெடியது. அவ்வரலாற்றின் ஒரு பகுதி நம் தோட்டங்களில் நிகழ்ந்தது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

எகிப்து நாட்டு மணலில் கிடைத்த பழங்காலக் கம்பளிக் காலுறைகள் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை. ஒற்றை ஊசியால் முடையப்பட்டவை. செருப்பணிவதற்கேற்பப் பெருவிரலுக்குத் தனிப்பிரிவு உடையவை. இரட்டை ஊசிப் பின்னல் பிற்காலத்தது. பாவும் ஊடுமாக நெய்த துணி எளிதில் நெகிழாது. கண்ணி கண்ணியாகப் பின்னியதோ காலுக்கேற்ப நெகிழும். காலுறைக்குப் பின்னல் உகந்ததாயிற்று என்பதற்குக் காரணம் இதுவே.

1589இல் இங்கிலாந்தின் கால்வர்ட்டன் என்னும் ஊரில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். கையால் பின்னிப் பிழைப்போர் வாழ்விழப்பர் என்றஞ்சி எலிசபெத் அரசியார் உரிமை வழங்க மறுத்தார் என்பது வழிவழிச் செய்தி. லீ பிரான்சுக்குச் சென்று அங்கேயே மறைந்தார். பொறியோ நிலைத்தது.

ஆயினும் ஒரு குறை தீரவில்லை. காலுறை காலில் நில்லாது வழுகிற்று; முழங்காலருகே நாடா கட்ட வேண்டியிருந்தது. 1820இல் தாமஸ் ஹான்காக் இரப்பர்ப் பட்டையை உடைகளில் இணைக்க உரிமை பெற்றார். அது குளிரில் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது. 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடேற்றும் முறையைக் கண்டபின் அக்குறை நீங்கிற்று. எனினும் தகட்டிலிருந்து அறுத்தெடுத்த இரப்பர் இழை தடித்ததாகவே இருந்தது.

மெல்லிய இழை 1930களின் தொடக்கத்தில் கிடைத்தது. இரப்பர்ப் பாலை நுண்ணிய கண்ணாடிக் குழாய்களின் வழியே அமிலத் தொட்டிக்குள் செலுத்தினர். பால் நூலாக உறைந்தது. அதன்மேல் பருத்தி நூலைச் சுற்றினர். காலுறையின் வாய் தானே காலைப் பற்றிக்கொண்டது.

இதற்கு இரப்பர்த் தகடு உதவாது. உறையாத பாலே வேண்டும். இங்குதான் நம்மவர் உழைப்பு வருகிறது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளுள் 9 பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் இடையிலுள்ள பீடோர் வட்டாரத்திலும் கித்தா மரங்கள் நிறைந்தன. வெயில் ஏறினால் பால் ஒழுக்குக் குறையும். ஆதலால் விடியுமுன் உளியோடு புறப்பட வேண்டும். மங்கிலேயே உறைந்தது ஒட்டுப்பாலாகும்; நூலுக்கு ஆகாது. பாலைத் தூசியின்றிக் காலத்தே சேர்த்தல் வேண்டும். அம்மோனியா இட்டுக் காத்த பாலைப் பொறியிற் சுழற்றி, 30 விழுக்காட்டளவான இரப்பரை 60 விழுக்காடாக்கினர். வாளி சுமந்தவரின் கைத்தூய்மையும் விரைவும் நூலின் தரத்தில் அடங்கியிருந்தன.

நாளடைவில் அந்நூலைச் செய்யும் ஆலைகள் மலேசியாவிலேயே எழுந்தன. 1992இல் மலேசிய இரப்பர் நூல் மலிவு விலையில் குவிக்கப்படுவதாகக் கூறி அமெரிக்கா தனித் தீர்வை விதித்தது. 1958இல் ஜோசப் ஷிவர்ஸ் கண்ட செயற்கை இழை இன்று பெரும்பாலும் இரப்பரின் இடத்தைப் பிடித்துள்ளது. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. மக்கள் நகர்களுக்குப் பெயர்ந்தனர்.

லீ, ஹான்காக், குட்இயர், ஷிவர்ஸ் ஆகியோர் பெயர்கள் ஏட்டில் உள்ளன. பால் எடுத்தவர் பெயர் இல்லை. உளி, மங்கு, ஒட்டுப்பால் ஆகிய சொற்களேனும் முதியோர் நாவில் இன்னும் உள்ளன. தமிழாசிரியர்கள் மாணவரைக் கொண்டு அவற்றைத் தொகுத்து எழுதச் செய்வார்களாயின், விடுபட்ட அப்பகுதியை எழுதுதற்குச் சான்று கிடைக்கும்.