பெயர் மாத்திரம் எஞ்சிய மனிதர்

வரலாறு என்றதும் மன்னர்களும் மந்திரிகளும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. உழுதவனும் நெய்தவனும் விறகு வெட்டியவனும் எங்கே போனார்கள்? அவர்களில் ஒருவனுடைய வாழ்க்கையை எழுத முடியுமா? எழுதுவதாயின் எதை ஆதாரமாகக் கொள்வது? இவ்வினாக்களுக்கு விடை தேடிய ஒரு நூலைப் பற்றி இன்று பேசுவோம்.

பிரான்ஸ் நாட்டு வரலாற்றாசிரியர் அலேன் கொர்பேன் 1995 ஆம் ஆண்டு ஒரு விசித்திரமான காரியம் செய்தார். வடமேற்குப் பிரான்ஸிலுள்ள ஓர்ன் மாவட்டத்தின் சுவடிகள் கூடத்துக்குச் சென்று, கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஊரைத் தெரிந்தெடுத்தார். பெல்லேம் காட்டின் ஓரத்திலிருந்த ஒரின்யி என்ற சிற்றூர் அகப்பட்டது. பின்னர் அவ்வூரின் பிறப்பு, இறப்புப் பதிவு அட்டவணையிலிருந்து எழுந்தமானமாக இரண்டு பெயர்களை எடுத்தார். ஒருவர் இளமையிலேயே இறந்துவிட்டார். எஞ்சியவர் லூயி பிரான்சுவா பினாகோ. மரச்சப்பாத்துச் செய்வது அவர் தொழில்.

ஏன் இந்தக் குருட்டுத் தெரிவு? சாதாரண மனிதன் ஆவணத்தில் விரிவாக இடம்பெறுவது பெரும்பாலும் அவன் குற்றஞ்சாட்டப்படும்போதுதான். இத்தாலிய அறிஞர் கார்லோ கின்ஸ்பேர்க் 1976 இல் வெளியிட்ட நூலில் மெனோக்கியோ என்ற ஆலைக்காரனின் சிந்தனைகளை விரிவாக எழுதினார். மதவிசாரணை மன்று 1584 இல் ஒரு தடவையும் 1599 இல் மறு தடவையும் முடித்த வழக்குகளின் ஏடுகளே அதற்குக் கைகொடுத்தன. அந்த மனிதன் மரணதண்டனை பெற்றதனாலேயே நமக்கு அறிமுகமானான். குற்றமும் செய்யாமல், புகழும் பெறாமல் வாழ்ந்து மடிந்த கோடிக்கணக்கானோரின் கதி என்ன? கொர்பேன் கேட்டது இதைத்தான்.

1792 ஆம் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி அரசு பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளைத் தேவாலயத்திடமிருந்து எடுத்து ஊர்ச் சபையிடம் ஒப்படைத்தது. ஆகவே பினாகோ 1798 ஆம் ஆண்டு யூன் 20 ஆந் திகதி பிறந்தார் என்பதும், 1876 ஆம் ஆண்டு சனவரி 31 இல் இறந்தார் என்பதும் தெரிகின்றன. மனைவி நூல் நூற்பவள்; பிள்ளைகள் எண்மர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியல், நிலவரைபடம், வரி ஏடு, வறியோர் பட்டியல், 1848 இல் ஆண்கள் யாவருக்கும் வாக்குரிமை கிடைத்தபின் வந்த வாக்காளர் இடாப்பு ஆகியவற்றையெல்லாம் கொர்பேன் புரட்டிப் பார்த்தார். பினாகோ எழுத்தறியாதவர், கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக் குறியிட்டவர்.

இந்த ஏடுகளில் ஒன்றாவது பினாகோவுக்காக எழுதப்பட்டதா? இல்லை. அரசு அவரிடம் வரியோ, வாக்கோ, பட்டாளத்துக்கு உடலோ வேண்டியபோதெல்லாம் அவருடைய பெயரை எழுதிக்கொண்டது. மற்ற நாட்களில் அவரை மறந்திருந்தது. அவர் மனைவியை நேசித்தாரா, பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினாரா, எதைக் கண்டு சிரித்தார் என்பவற்றை எந்த இலிகிதரும் குறித்து வைக்கவில்லை.

இங்கேதான் கொர்பேனின் நேர்மை புலப்படுகின்றது. ஒரு நாவலாசிரியர் அந்த வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பியிருப்பார். கொர்பேனோ அதை வெற்றிடமாகவே விட்டார். பினாகோவின் முகத்தை வரையாமல், அவருடைய கண்கள் கண்டிருக்கக்கூடிய உலகத்தை வரைந்தார். காட்டின் ஒலிகள், அயலவர் சண்டைகள், சப்பாத்தின் விலை, 1815 இலும் 1870-71 இலும் அப்பகுதிக்குள் புகுந்த பிரஷ்யப் படைகள் என்பன அந்த உலகத்தில் அடங்கும். மூன்று குடியரசுகளும் இரண்டு பேரரசுகளும் மூன்று மன்னர்களும் வந்துபோன காலத்தை அந்த மரச்சப்பாத்துத் தொழிலாளி வாழ்ந்து கடந்தார். “அறிந்திருப்பார்”, “கேட்டிருக்கலாம்” என்ற சொற்களே அந்நூலில் மிகுதி. 1998 இல், பினாகோ பிறந்து சரியாக இருநூறு ஆண்டுகளின் பின், நூல் வெளிவந்தது.

பதிவேடு என்பது ஆய்வாளருக்கு மாத்திரம் உரிய பொருளன்று என்பதை இந்த நாட்டில் வாழும் நாம் நன்கு அறிவோம். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்திருந்தால் மாத்திரம் போதாது என்றது. தந்தையும் இங்கே பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிலைநாட்டும்படி கேட்டது. மலையகத்துத் தோட்ட லயங்களில் பிறந்த பலரிடம் அதற்கான பத்திரங்கள் இருக்கவில்லை. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த கைகள் சாட்சியாக ஏற்கப்படவில்லை. அந்தக் குறையை நீக்க 2003 வரை சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. பினாகோவுக்குக் கிடைத்த ஒரு வரிப் பதிவு எவ்வளவு பெரிய பேறு என்பது அப்போது விளங்குகின்றது.

ஆயினும் ஏட்டில் இல்லாதவன் வாழாதவன் அல்லன். கொர்பேன் புரட்டிய அட்டவணையில் வேறு எத்தனையோ பெயர்கள் இருந்தன. விரல் சற்று விலகியிருந்தால் வேறொருவரின் கதையை நாம் இன்று பேசியிருப்போம். பினாகோவுக்கு இருந்த தகுதிதான் அவர்களுக்கும் இருந்தது. நம் வீட்டு றங்குப்பெட்டியில் பழுப்பேறிக் கிடக்கும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை அடுத்த முறை கையில் எடுக்கும்போது, அதில் எழுதப்பட்டிருப்பதைப் படித்துவிட்டு, எழுதப்படாததை வீட்டிலுள்ள முதியவரிடம் கேளுங்கள். எந்தச் சுவடிகள் கூடத்திலும் அது கிடைக்காது.