மலையிறங்கும் மூட்டைகள்: பிக்கட்டியும் கிடங்குக் கணக்கும்

தமிழில் தேயிலையைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் கொழுந்து கிள்ளும் விரல்களோடும் கூடையோடும் நின்றுவிடுகின்றன. கூடையிலிருந்து நகர்ந்த சரக்கு பிறகு எங்கே கிடக்கிறது, எந்தச் சீட்டின் பேரில் கிடக்கிறது, அது யாருடையது என்ற கேள்விகள் நம் இலக்கியத்தில் அதிகம் எழுந்ததில்லை. வறண்ட கேள்விகள்தாம். ஆனால் பிக்கட்டி போன்ற ஊரில் மாதக் கடைசியில் ஒரு வீட்டுக்கு வரும் பணம் இவற்றோடுதான் பிணைந்து கிடக்கிறது.

பிக்கட்டி நீலகிரியின் மேற்கே, மஞ்சூரை அடுத்துள்ள பேரூர். இந்தப் பக்கத்தில் தேயிலை பழையது. குந்தாவைச் சேர்ந்த தாய்சோலைத் தோட்டம் 1859இல் தொடங்கப்பட்டது. ஆனால் அது பெருந்தோட்டத்தின் வரலாறு. சிறு விவசாயியின் வரலாறு நூறாண்டு பிந்தியது. உருளைக்கிழங்கு நிலங்களில் தேயிலை ஏறியபோது இலை இருந்தது, ஆலை இல்லை. பறித்த இலை சில மணி நேரத்தில் வெதும்பத் தொடங்கிவிடும். கிடங்கில் போட்டு விலைக்குக் காத்திருக்க முடியாது. இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தவைதாம் இன்கோ எனப்படும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள். முதலாவது 1962இல் குந்தாவில் அமைந்தது. 1965இல் அவற்றின் இணையமான இன்கோசர்வ் குன்னூரில் உருவாயிற்று. பிக்கட்டிக்கும் ஓர் இன்கோ ஆலை உண்டு.

ஏறத்தாழ நான்கரை கிலோ பச்சிலை ஒரு கிலோ தூளாகிறது. தூளானதும் சரக்கின் குணமே மாறிவிடுகிறது. இப்போது அது காத்திருக்கும், பயணம் செய்யும். இங்கேதான் நமக்குச் சுவையான விஷயம் தொடங்குகிறது. ஆலையின் இருப்புப் பதிவேட்டிலிருந்து மூட்டைகள் கழிக்கப்பட்டு லாரி ஏறுகின்றன. ஆனால் அவை விற்கப்படவில்லை. ஏலக் கிடங்கின் பேரேட்டில் வரவு வைக்கப்படுகின்றன. ஆனால் கிடங்குக்காரர் வாங்கவில்லை. இடம் மாறுகிறது, உடைமை மாறுவதில்லை. மலைச்சாலையில் மழைக்கு நனைந்தாலும் வளைவில் கவிழ்ந்தாலும் நட்டம் கடைசியில் இலை கொடுத்த உறுப்பினரின் கணக்கில்தான் வந்து விழும் (காப்பீடு எவ்வளவு தாங்குகிறது என்பது வேறு கதை).

ஆகவேதான் அத்தனை அடையாளங்கள். ஆலையின் முத்திரைப் பெயர், இன்வாய்ஸ் எண், ரகம், மூட்டைகளின் எண்ணிக்கை, நிகர எடை ஆகிய ஐந்தும் சலானிலும் மூட்டையிலும் ஒன்றாக இருக்கவேண்டும். கிடங்கில் எண்ணி, சில மூட்டைகளை மட்டும் நிறுத்துப் பார்ப்பார்கள். குறைவு தெரிந்தால் அது அங்கேயே எழுதப்படவேண்டும். பிறகு சொன்னால் எந்த முனையில் குறைந்தது என்று யாராலும் நிறுவ முடியாது. சரக்கு வந்து சேர்ந்த தேதியே அது எந்த ஏலப் பட்டியலில் ஏறும் என்பதையும் முடிவு செய்கிறது. மண்சரிவில் லாரி நின்றுபோனால் அடுத்த விற்பனைதான், பணமும் தள்ளிப்போகும்.

நெடுங்காலம் அந்தக் கிடங்குகள் கடலுக்கு அப்பால் இருந்தன. மரப்பெட்டிகளில் அடைத்த தேயிலை லண்டன் பண்டகசாலைகளில் அடுக்கப்பட்டு அங்கே ஏலம் போயிற்று. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வந்த ரயில், 1908இல் உதகையை எட்டியது. பின்பு ஏலமே நம் பக்கம் நெருங்கி வந்தது: 1947இல் கொச்சி, 1963இல் குன்னூர், 1980இல் கோவை. லண்டன் ஏலம் 1998இல் ஓய்ந்தது.

கொச்சிக்கு அனுப்பும்போது ஒரு மாநில எல்லை குறுக்கிடும். விற்காத சரக்கு எல்லை கடந்ததை வரித்துறை எப்படி நம்பும்? 1956ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டத்தில் பின்னர் 6ஏ என்ற பிரிவு சேர்ந்தது. இது விற்பனையன்று, முகவருக்கோ கிளைக்கோ அனுப்பியது மட்டுமே என்று மெய்ப்பிக்கும் சுமை அனுப்பியவருடையது. அதற்கான சான்று ‘எஃப்’ படிவம். ஒரு மாதத்து அனுப்புகைகளுக்கு ஒரு படிவம். 2002 முதல் அது கட்டாயமாயிற்று. மறுமுனையில் இருப்பவர் படிவம் அனுப்பத் தாமதித்தால், விற்காத சரக்கும் விற்றதாகவே கருதப்படும்.

2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்ததும் எஃப் படிவம் பழங்கதையாயிற்று. சிக்கல் வேறு வேடத்தில் திரும்பியது. ஒரே ஏலக் கிடங்கு தேயிலை அனுப்பியவருக்கும் ஏலதாரருக்கும் ‘கூடுதல் தொழிலிடம்’ ஆகிறது. அப்படியானால் இருவரும் அங்கே கணக்குப் புத்தகம் வைக்கவேண்டுமா? அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதியிட்ட சுற்றறிக்கை ஒன்று, தேயிலை, காப்பி, ரப்பர் போன்றவற்றின் ஏலத்துக்காக, கிடங்கைப் பதிவில் காட்டிவிட்டுக் கணக்கைத் தலைமை இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று தெளிவுபடுத்தியது. கையெழுத்துச் சலானோடு மின்வழிச் சீட்டும் 2018 முதல் லாரியில் ஏறிக்கொண்டது.

ஏலத்தைத் தொடாத ஒரு பாதையும் உண்டு. தொண்ணூறுகளின் இறுதியில் விலை சரிந்து சிறு விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். 2001இல் தமிழக அரசு ‘ஊட்டி டீ’யை ரேஷன் கடைகளில் விற்கத் தொடங்கியது. இன்கோ ஆலைகளின் தூள் கலவையாகிப் பொட்டலமாகி, கிடங்கு கிடங்காகக் கைமாறி, சமவெளியின் நியாயவிலைக் கடைகள்வரை போகிறது. கைகள் கூடின; ஒவ்வொரு கைக்கும் ஒரு பதிவேடு, ஒரு கையொப்பம். ஒரு கடையில் பொட்டலம் தீர்ந்துபோக, இன்னொரு கடையில் அது அலமாரியிலேயே தூங்குவதைக் கண்டிருக்கிறோம். அந்தத் தூங்கும் பொட்டலமும் ஏதோ ஓர் ஆலையின் வரவேண்டிய பாக்கிதான். பிக்கட்டியில் அதற்குள் அடுத்த சுற்றுக் கொழுந்து தளிர்த்திருக்கும்.