தவணையில் வந்த பீரோ: வடசென்னை வீடுகளின் ஒரு சின்ன வரலாறு

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு பழைய வீட்டுக்குள் போய், அங்கே நிற்கும் ஸ்டீல் பீரோவைக் காட்டி "இது எங்க வாங்கினது?" என்று கேட்டுப் பாருங்கள். கடை பெயர் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் எப்படி வாங்கினார்கள் என்பது மட்டும் மறக்கவே மறக்காது. "போனஸ்ல எடுத்தது", "சீட்டு எடுத்து வாங்கினது", "மாசா மாசம் டியூ கட்டினது" என்று பதில் வரும். எங்கள் பக்கத்து வீடுகளின் கட்டில், பீரோ வரலாறு என்பது மரத்தின் வரலாறோ இரும்பின் வரலாறோ இல்லை, பணம் கட்டிய விதத்தின் வரலாறுதான் என்பது என் கருத்து. பி.காம் படிக்கிறவன் வேறு எப்படிப் பார்ப்பான் என்று நீங்கள் கேட்கலாம், சரிதான் :-)

முதலில் ஒரு விஷயம். கட்டில் என்பது நம்ம ஊர்ச் சொல், சங்க காலத்திலேயே உண்டு. நாற்காலி, முக்காலி எல்லாம் காலை எண்ணி வைத்த பெயர். அலமாரி போர்ச்சுகீசியர்களிடம் இருந்து வந்தது. பீரோ பிரெஞ்சுச் சொல். பிரான்சில் அதற்கு எழுதும் மேசை என்று அர்த்தம், பிறகு அலுவலகம் என்றும் ஆனது. நம்மிடம் வந்து சேர்ந்தபோது புடவையும் நகையும் பத்திரமும் வைத்துப் பூட்டுகிற பெட்டியாகிவிட்டது. பொருளின் பெயர்களே கப்பலேறி வந்திருக்கின்றன.

பொருள் சாதாரண வீட்டுக்குள் வருவதற்கு ரொம்ப காலம் ஆனது. பாயும் ஒரு டிரங்குப் பெட்டியும் போதும் என்றிருந்த குடும்பங்கள்தான் அதிகம். பம்பாயில் பூட்டு செய்ய 1897-ல் ஆரம்பித்த கோத்ரெஜ் 1923-ல் இரும்பு அலமாரி செய்ய ஆரம்பித்தது. அது முதலில் ஆபீசுக்கும் பணக்காரர் வீட்டுக்கும்தான். பிறகு தகட்டை வளைத்து வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்து, கதவில் ஆளுயரக் கண்ணாடி மாட்டிக் கொடுக்கிற சின்னப் பட்டறைகள் ஊர் ஊருக்கு வந்தன. எந்தப் பட்டறையில் செய்தாலும் அதற்குப் பெயர் "கோத்ரெஜ் பீரோ"தான்! வாங்குகிறவர் விரல் முட்டியால் கதவைத் தட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே தகடு எவ்வளவு கனம் என்று சொல்லிவிடுகிற ஆட்கள் உண்டு. அப்புறம் அது மீன்பாடி வண்டியில் ஏறி, சந்துக்குள் நாலு பேர் பிடித்து இறக்கி வீட்டுக்கு வரும். கல்யாணச் சீரில் கட்டிலும் பீரோவும் இல்லாவிட்டால் பேச்சு வரும் என்ற நிலைமை வந்த பிறகு, பெண்ணைப் பெற்றவர்களுக்கு இது ஆசைக்கு வாங்கும் பொருளாக இல்லை, வாங்கியே தீர வேண்டிய பொருளாகிவிட்டது. (வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. சீர் என்று பெயர் மாற்றிக்கொண்டால் போதுமே!)

சரி, காசு எங்கிருந்து வந்தது?

இங்கேதான் கம்பெனிகள் வருகின்றன. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப் டயர் கம்பெனி ஆனது. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அது அசோக் லேலண்ட். அதே 1950களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். தீப்பெட்டி செய்த விம்கோவின் பெயர் இன்று மெட்ரோ ஸ்டேஷனில் நிற்கிறது. இந்தக் கம்பெனிகளில் பெர்மனென்ட் ஆனவருக்கு மாதச் சம்பளம், சொசைட்டி லோன், கூடவே போனஸ். 1965-ல் வந்த போனஸ் சட்டத்தில் முதலில் குறைந்தபட்சம் 4 சதவீதம், பிறகு 8.33 சதவீதம். அது என்ன 8.33 என்கிறீர்களா? 100-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். தீபாவளிக்கு முன்னால் கையில் வருகிற அந்த ஒரு மாதப் பணம்தான் பல வீட்டில் பீரோவுக்கு முன்பணம்.

மீதிக்குத் தவணை. தமிழ்நாட்டில் தவணை வியாபாரத்தைப் பெரிய அளவில் பரப்பியது வி.ஜி.பி. நிறுவனத்தின் வி.ஜி. பன்னீர்தாஸ். அங்கே வேலை பார்த்த எச். வசந்தகுமார் 1978-ல் வெளியே வந்து வசந்த் அண்ட் கோ ஆரம்பித்தார். இவர்களைப் போன்ற பெரிய கடைகள் தவிர தெருவுக்குத் தெரு சின்னக் கடைகளும் தவணைக்குக் கொடுத்தன. ஒரு அட்டை கொடுப்பார்கள், மாதா மாதம் அதில் கையெழுத்து. ஜாமீனுக்கு அதே கம்பெனியில் வேலை செய்கிற இன்னொருவர்.

மாதச் சம்பளம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? துறைமுகத்தில் தினக்கூலிக்கு மூட்டை இறக்கியவருக்கு அடுத்த மாதம் எத்தனை நாள் வேலை என்று யார் சொல்ல முடியும்? காசிமேட்டில் விசைப்படகில் போகிறவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மாதத் தவணை இவர்களுக்கு ஒத்து வராது. அதனால் வாரத் தவணை, சீட்டு, கடைசியில் தண்டல். தினமும் சாயங்காலம் வந்து வசூலிக்கிற தண்டல்காரர்தான் இவர்களுக்கு வங்கி. வட்டி எக்கச்சக்கம்.

தவணைக் கடையில் மட்டும் வட்டி குறைவா? ஒரு கணக்கு போடுவோம். பீரோ ரொக்க விலை 1000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 120 வீதம் 10 மாதம், மொத்தம் 1200. "200 ரூபாதானே அதிகம், 20 பர்சென்ட்" என்று தோன்றும். ஆனால் முதல் மாதமே 120 திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள், கடன் மாதா மாதம் குறைந்துகொண்டே போகிறது. குறைகிற பாக்கிக்குக் கணக்குப் போட்டால் வட்டி ஆண்டுக்கு 41 சதவீதத்துக்கு மேல் போகிறது!

வட்டியைவிட மோசமான ஒன்று இருக்கிறது. வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் கடைசித் தவணை கட்டும் வரை பொருள் உங்களுடையது இல்லை. சட்டப்படி நீங்கள் வாடகைக்கு வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இதற்கு எங்கள் வகுப்பில் சொல்கிற வழக்கு 1895-ல் இங்கிலாந்தில் நடந்த ஹெல்பி எதிர் மேத்யூஸ். ஒருவர் மாதம் பத்தரை ஷில்லிங் வீதம் 36 மாதத்துக்கு ஒரு பியானோ எடுத்தார். சில மாதத்திலேயே அதைக் கொண்டுபோய் அடகுக் கடையில் வைத்துவிட்டார் (நம்ம ஊர்க் கதை மாதிரியே இல்லை?). பியானோ இன்னும் கடைக்காரருடையதுதான், அடகுக்காரர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதோடு வியாபாரிகளுக்குத் தைரியம் வந்துவிட்டது. 10 தவணையில் 9 கட்டியவர் வீட்டிலும் புகுந்து பொருளைத் தூக்கலாம். கட்டிய பணம் வாடகைக் கணக்கில் போய்விடும்.

இங்கிலாந்தில் இதை எதிர்த்துச் சட்டம் கொண்டுவந்தவர் எலன் வில்கின்சன் என்ற பெண் எம்.பி. அவருடைய தொகுதி ஜாரோ. கப்பல் கட்டும் தளம் மூடி ஊரே வேலையில்லாமல் தவித்த இடம். 1936-ல் அங்கிருந்து லண்டன் வரை நடந்தே போய் வேலை கேட்டார்கள். வேலை போன வீட்டில் முதலில் போவது தவணையில் வாங்கிய மேசை நாற்காலிதான் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 1938-ல் வந்த அந்தச் சட்டத்தின்படி விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டியாகிவிட்டால், நீதிமன்றம் போகாமல் பொருளைத் தொடக்கூடாது.

நம் நாட்டில்? சட்ட ஆணையம் 1961-லேயே தன் 20-வது அறிக்கையில் இதைப் பற்றி எழுதியது. 1972-ல் வாடகைக் கொள்முதல் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. குறிப்பிட்ட பங்கு கட்டியவரிடம் இருந்து பொருளை எடுக்க நீதிமன்றம் போக வேண்டும் என்பது இதிலும் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் அமலுக்கு வரவே இல்லை! முப்பது வருடத்துக்கு மேல் புத்தகத்திலேயே தூங்கிவிட்டு, 2005-ல் ரத்தும் ஆனது. பரீட்சைக்கு அதைப் படித்தவர்கள் உண்டு, அதனால் பீரோவைக் காப்பாற்றிக்கொண்டவர் ஒருவர்கூட இல்லை. 1996-ல் பின்னி மில் மூடியபோது பெரம்பூர், புளியந்தோப்பு வீடுகளில் பாதி கட்டிய டியூ அட்டைகள் இருந்திருந்தால், அவர்களுக்கு எந்தச் சட்டமும் துணைக்கு இல்லை.

1990களுக்குப் பிறகு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. தவணையே வேண்டாம், கையில் இருக்கிற காசுக்கு ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று. மீன் கூடைக்காரம்மா முதல் டீக்கடை வரை எல்லோருக்கும் நாற்காலி கிடைத்தது அதனால்தான். பார்க்க அழகில்லை என்று குறை சொல்கிறவர்கள் டியூ கட்டிப் பழகாதவர்கள்.

இப்போது ஈ.எம்.ஐ. "வட்டியே இல்லை" என்று பலகை வைக்கிறார்கள். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்னது. பிராசஸிங் கட்டணம் என்றோ, ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடியை மறுப்பது என்றோ வட்டி வேறு வேஷத்தில் வந்துவிடும். ஒரு வித்தியாசம், இப்போது முதல் நாளே பொருள் உங்களுடையது. கடன் தனி, பொருள் தனி.

அது நல்லதா என்றால், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் பாருங்கள். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு மணலியில் இருந்து கசிந்த எண்ணெயும் சேர்ந்து வந்தது. பழைய ஸ்டீல் பீரோவாவது துடைத்து, துரு சுரண்டி, பெயிண்ட் அடித்தால் நிற்கும். மரத்தூளை அமுக்கிச் செய்த இன்றைய அலமாரி ஒரு நாள் தண்ணீரில் நின்றால் ஊதிப்போய்க் கதவு மூடாது, அதை வெளியே தூக்கிப் போட வேண்டியதுதான். பொருள் நம்முடையது, அதனால் நஷ்டமும் நம்முடையது. கடன் கொடுத்த கம்பெனிக்கும் அலமாரிக்கும் சம்பந்தமே இல்லை, அடுத்த மாதம் தேதி வந்ததும் அக்கவுண்டில் இருந்து பணம் போய்விடும்.