இலவச பார்க்கிங்: யார் கணக்கில் பற்று?



நம் தரைத்தளத்தில் வரிசையாக நிற்கும் கார்களைத் தினமும் பார்க்கிறீர்கள். அந்த இடத்துக்கு யாரும் மாத வாடகை கொடுப்பதில்லை. அதனால் அது இலவசம் என்று நினைக்கிறோம். வங்கியில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். எந்தச் செலவும் யாராவது ஒருவர் கணக்கில் பற்று வைக்கப்பட்டே தீரும். பார்க்கிங் செலவு யார் கணக்கில் ஏறுகிறது என்பதை அமெரிக்க நகரங்களின் வரலாறு நன்றாகவே காட்டுகிறது.

கார்கள் பெருகத் தொடங்கியபோது அங்கே தெரு ஓரங்கள் நிரம்பி வழிந்தன. நகராட்சிகளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நிறுத்துபவரிடமே காசு வாங்குவது. ஓக்லஹோமா சிட்டியில் 1935 ஜூலையில் முதல் பார்க்கிங் மீட்டர் வைத்தார்கள். மணிக்கு 5 சென்ட். மற்றொன்று, கட்டடம் கட்டுபவரே கார் நிறுத்த இடம் ஒதுக்க வேண்டும் என்று விதி போடுவது. கொலம்பஸ் நகரம் 1923இல் அடுக்குமாடி வீடுகளுக்கு இப்படி விதித்தது. ஃப்ரெஸ்னோ 1939இல் மருத்துவமனைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் விதித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த இரண்டாவது வழியே நாடு முழுவதும் பரவியது. காரணம் எளிது: கையை நீட்டிக் காசு கேட்க வேண்டியதில்லை.

ஆனால் காசு போகத்தான் செய்தது. ஒரு கார் நிற்கவும் திரும்பவும் சுமார் 300 சதுர அடி வேண்டும். ஓக்லண்ட் நகரம் 1961இல் வீட்டுக்கு ஒரு கார் இடம் கட்டாயம் என்றது. விதிக்கு முன்னும் பின்னும் கட்டிய குடியிருப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு வீட்டின் கட்டுமானச் செலவு 18 சதவீதம் ஏறியிருந்தது. அதே அளவு நிலத்தில் கட்டப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை 30 சதவீதம் குறைந்திருந்தது. கார் வைத்திராத குடும்பமும் இந்தச் சுமையைச் சேர்த்தே சுமந்தது.

கடைகளிலும் இதே கதைதான். பார்க்கிங் செலவு சாமான் விலையில் கலந்தது. கடைகளைச் சுற்றிப் பெரிய பெரிய பார்க்கிங் மைதானங்கள் வந்ததால் ஊர் அகன்றது; நடந்து போகும் தூரத்தில் எதுவும் இல்லாமல் போனது. கார் இல்லாதவர் இரண்டு முறை நஷ்டப்பட்டார்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் இந்தக் கணக்கை 2005இல் ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார். பஃபலோ நகரம் 2017இல் கட்டாய விதியை நீக்கியது. 2022இல் கலிஃபோர்னியா மாநிலம், முக்கிய ரயில், பஸ் நிலையங்களுக்கு அருகில் அதைப் பெரும்பாலும் தளர்த்தியது. ஜப்பானோ 1962லேயே வேறு வழியில் போய்விட்டது. அங்கே காரை நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருப்பதைக் கார் வாங்குபவரே காட்ட வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தரைத்தள விளக்கு, தரை பழுதுபார்ப்பு, விசிட்டர் பார்க்கிங் காவல் எல்லாம் பராமரிப்புக் கட்டணத்தில் அடக்கம். கார் இல்லாத வீட்டுக்காரரும், காரை விற்றுவிட்ட முதியவரும் அதே சதுர அடிக் கணக்கில் கட்டுகிறார்கள். அடுத்த பொதுக்குழுவில் கார் நிறுத்துமிடச் செலவை மட்டும் தனித் தலைப்பில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதை யார் எவ்வளவு ஏற்பது என்பதைப் பிறகு பேசி முடிவு செய்யலாம்.

எனக்கும் ஒரு கார் உண்டு. தொகை கூடினால் என் பையிலிருந்தும் போகும். இருந்தாலும் கணக்கு கணக்குதானே!