தித்தன் மகனும் பஸ் டிரைவர் மகனும்

புறநானூற்றின் 80-ஆம் பாட்டு ஒரு மற்போர் வர்ணனை. முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனைச் சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு கால் எங்கே, மறு கால் எங்கே என்று நேரில் பார்த்துச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, மனம் பிரிந்து நின்ற தந்தை தித்தன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இதை வந்து காணட்டும் என்கிறார் புலவர். மல்லனை வென்றவனைப் பார்க்கும்போது அவன் தகப்பனையும் நினைப்பது நம் மரபு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நான் எழுத வந்தது நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி. ஜனக்புரியிலிருந்து ரோத்தக் வழியாகப் போனால் பிவானி. அதை ஒட்டிய காலுவாஸ் கிராமத்தில் 29 அக்டோபர் 1985 அன்று பிறந்தவர் விஜேந்தர் சிங். தகப்பனார் ஹரியானா ரோடுவேஸ் பஸ் டிரைவர். பிள்ளைகள் படிப்புக்காக ஓவர்டைம் பார்த்தவர். பையன் பிவானி பாக்ஸிங் கிளப்பில் ஜகதீஷ் சிங்கிடம் பழகி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 75 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். குத்துச்சண்டையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2009 மிலான் உலகப் போட்டியில் வெண்கலம், 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம், 2014 கிளாஸ்கோவில் வெள்ளி. ஹரியானா போலீஸில் டி.எஸ்.பி. பதவியும் இருந்தது. சாதாரணமா ஒரு மனுஷன் இதோட திருப்திப்பட்டுக்குவான்.

ஆனால் 2015 ஜூனில் அவர் லண்டனில் குயின்ஸ்பெரி புரமோஷன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுத் தொழில்முறைக்கு மாறினார். அப்போதைய விதிப்படி அப்படிப் போனவருக்கு ஒலிம்பிக் கிடையாது. 2016 ரியோவை விட்டுக்கொடுத்துத்தான் போனார். நாட்டுக்கு ஆடாமல் பணத்துக்கு ஆடப் போகிறாரே என்று பலர் முணுமுணுத்தார்கள். வியாபாரியாகிய எனக்கு அந்தக் குறை பெரிசாகப் படவில்லை. முப்பதை நெருங்குகிற குத்துச்சண்டைக்காரருக்கு மிச்சமிருக்கிற சரக்கு கொஞ்ச வருஷத்து உடம்பு மட்டும்தான். அதை எங்கே வைப்பது என்பது அவர் தீர்மானிக்க வேண்டியது.

இரண்டு ஆட்டமும் பெயரளவில்தான் ஒன்று. அமெச்சூரில் மூன்று ரவுண்டு. வேகமாகப் புள்ளி சேர்த்துவிட்டால் போதும். தொழில்முறையில் முதலில் நாலு ரவுண்டு, போகப் போக ஆறு, எட்டு, பட்டத்துக்குப் பத்து, பன்னிரண்டு. மூச்சைச் சேமித்து, வயிற்றுப் பக்கம் அடித்து எதிராளியைத் தளர்த்த வேண்டும். பழைய பழக்கத்தை மறந்து புதிதாகப் படிக்க மான்செஸ்டரில் லீ பியர்ட் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார்.

10 அக்டோபர் 2015, மான்செஸ்டர்: முப்பது வயது நிறைய 19 நாள் இருக்கும்போது முதல் சண்டை. சன்னி வைட்டிங் மூன்றாம் ரவுண்டில் முடிந்தார். நவம்பரில் டப்ளினில் டீன் கில்லன், முதல் ரவுண்டிலேயே. டிசம்பரில் சமெத் ஹியூசைனோவ், இரண்டாம் ரவுண்டு. 2016 மார்ச்சில் லிவர்பூலில் ஹங்கேரிக்காரர் அலெக்சாண்டர் ஹோர்வாத். பாம்பு இரத்தம் குடித்துத் தயாராவதாகப் பேட்டி கொடுத்த அவர் மூன்றாம் ரவுண்டைத் தாண்டவில்லை. ஏப்ரலில் மத்தியூஸ் ராயர் ஐந்தாம் ரவுண்டு, மே மாதம் அந்திரெய் சோல்த்ரா மூன்றாம் ரவுண்டு. ஆக ஆறு சண்டைக்கும் சேர்த்து 17 ரவுண்டு.

இதைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். புதுக்கடை போட்டவன் முதல் வருஷம் ஆள் பார்த்துத்தான் கடன் கொடுப்பான். அதே மாதிரி புரமோட்டரும் புது ஆளுக்கு எதிராளியைப் பார்த்துத்தான் பொறுக்குவார். அந்த ஆறு பேரில் பெயர் பெற்றவர் யாரும் இல்லை. உண்மையான சோதனை நம்ம டெல்லியிலேதான் வந்தது.

16 ஜூலை 2016, தியாகராஜ் ஸ்டேடியம். 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய அரங்கு. காலியாயிருந்த டபிள்யூ.பி.ஓ. ஆசிய பசிபிக் சூப்பர் மிடில்வெயிட் பட்டத்துக்குச் சண்டை. எதிரே வேல்ஸ் நாட்டில் பிறந்த கெர்ரி ஹோப்; 30 சண்டை கண்டவர், முன்னாள் ஐரோப்பிய சாம்பியன். ஐந்து ரவுண்டுக்கு மேல் போகாத விஜேந்தர் அன்று பத்து ரவுண்டும் நின்றார். நடுவர்கள் 98-92, 98-92, 100-90 என்று ஒருமித்து அவருக்கே கொடுத்தார்கள். முதல் சண்டையிலிருந்து பட்டம் வரை ஒன்பது மாதம்.

அந்த வெற்றியை முகம்மது அலிக்குக் காணிக்கையாக்கினார் விஜேந்தர். அலி அதற்கு முந்தைய மாதம்தான், 3 ஜூன் அன்று, காலமாகியிருந்தார். 1980-ல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டவர். வடசென்னைக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். அதே அலிக்கு 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று கண்டுபிடித்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அதோடு வாழ்ந்தார்.

இங்கேதான் சமணனாகிய எனக்கு ஒரு கேள்வி. எங்கள் நூல்களில் இல்லறத்தானுக்கு ஹிம்சையை நான்காகப் பிரிப்பார்கள்: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை அறவே விடணும், மற்றதைக் குறைச்சுக்கணும். குத்துச்சண்டை தொழில்தான், ஆனால் அடி வேண்டுமென்றே விழுகிறது. எதில் சேர்ப்பது? யோசித்துப் பார்த்ததில், பகையில்லாமல், இருவரும் சம்மதித்து நிற்கிற இடம் என்பதால் தொழில் ஹிம்சை என்றே வைக்கிறேன். அப்படி வைத்தால், குறைக்க வேண்டிய கடமை கூடவே வருகிறது. தாங்க முடியாதவனை அடிக்க விடாமல் நடுவர் குறுக்கே பாய்ந்து நிறுத்துகிறாரே, அந்த விதியைத்தான் இந்த விளையாட்டின் உயர்ந்த பகுதியாக நான் மதிக்கிறேன். விஜேந்தரின் ஆரம்ப வெற்றிகளில் பெரும்பாலானவை அப்படி நிறுத்தப்பட்டவையே.

பின்கதை சுருக்கம். தொடர்ந்து 12 வெற்றிக்குப் பிறகு 2021 மார்ச்சில் கோவாவில் ரஷ்யர் அர்திஷ் லோப்சானிடம் தோற்றார். அன்றும் நடுவர்தான் நிறுத்தினார். 2022 ஆகஸ்டில் ராய்ப்பூரில் மறுபடி ஜெயித்தார்.

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளை கையுறை மாட்டுகிறேன் என்றால் வீட்டில் ஒரு மாசம் சண்டை நடக்கும். போகட்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல மாட்டேன். முதலில் யார் சொல்லித்தருகிறார்கள், தலையில் அடிபட்டால் யார் நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சரியாக இருந்தால், ஓவர்டைம் பார்த்த அந்த டிரைவர் போல நீங்களும் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.