தட்டுக்கு இறங்கி வந்த வெளிச்சம்

பாரிஸ் மாநகரின் 18ஆம் வட்டாரத்திலே அந்ரே மெஸ்ஸஜே என்ற பெயருடன் ஒரு சிறு தெரு உண்டு. நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்து கால்நடையாகவே சென்றடையக்கூடிய தூரம். இத்தெருவில் 1948ஆம் ஆண்டு யூலை மாதம் 6ஆம் நாள் கூலே-ரூர்ப்பன் என்னும் வணிக நிறுவனம் ஒரு பலசரக்குக் கடையைத் திறந்தது. வாங்க வந்தவர்கள் தாமே பொருட்களைத் தட்டுகளிலிருந்து எடுத்து, வெளியேறும் இடத்தில் பணத்தைச் செலுத்திச் செல்லும் முறை அங்கு நடைமுறைக்கு வந்தது. பிரான்சில் இம்முறையில் இயங்கிய முதலாவது கடை இதுவே எனக் கொள்ளப்படுகின்றது.

இன்று அவ்வகைக் கடைகளில் எத்தனையோ ஆயிரம் பேர் நாள்தோறும் புழங்குகின்றோம். அவற்றின் கம்பித் தட்டுகளை உற்று நோக்குவோர், விளக்கைத் தட்டின் விளிம்போடு பற்றிப் பிடித்திருக்கும் ஒரு சிறு கவ்வியைக் காண்பார்கள். கிளிப் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். விரல் நீளம்கூட இராது. இத்தனை அற்பமான ஒரு பொருளுக்கு வரலாறு உண்டா என்று கேட்கலாம். கடையிலே வணிகரின் வாய்ப்பேச்சு ஓய்ந்து, பொருளே தன்னைத் தான் காட்டிக்கொள்ளத் தொடங்கிய கதையின் கடைசி அத்தியாயம் அக்கவ்விதான் என்பது எனது கருத்து.

ஊரில் நாம் கண்ட பழைய கடையைச் சற்று எண்ணிப் பார்க்கவும். முன்னே மேசை, மேசைமீது தராசு, தராசுக்கு மேலே ஒரு விளக்கு, மின்சாரம் வராத இடங்களில் பெற்றோமாக்ஸ். பொருட்கள் யாவும் முதலாளியின் முதுகுக்குப் பின்னே சாக்கிலும் போத்தலிலும் அரை இருளில் இருக்கும். அவற்றுக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை. எது எங்கே இருக்கின்றது என்பது கடைக்காரருக்கு மனப்பாடம். வாங்குபவர் பெயரைச் சொல்வார், அவர் எடுத்து நிறுத்துக் கொடுப்பார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இதே ஒழுங்குதான் நிலவியது. வெளிச்சம் விழவேண்டிய இடம் மேசை ஒன்றே.

இந்த ஒழுங்கைக் குலைத்தவர் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்னும் அமெரிக்கர். ரெனிசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் 1916ஆம் ஆண்டு செப்ரெம்பரில் 'பிக்லி விக்லி' என்னும் விசித்திரமான பெயருடன் அவர் ஒரு கடையைத் திறந்தார். உள்ளே நுழைபவர் சுழலும் தடுப்பைத் தாண்டி, கையில் கூடையுடன், தட்டுகளுக்கு இடையே வளைந்து வளைந்து செல்லும் ஒரே பாதையால் நடந்து, முடிவில் காசாளரிடம் வந்து சேரவேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் விலை எழுதப்பட்டிருந்தது. கடையின் இந்த அமைப்புக்கே அவர் 1917 ஒக்ரோபரில் ஆக்கவுரிமை பெற்றுக்கொண்டார். 1923க்குள் அப்பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் இயங்கின. அதே 1923இல் நியூயோர்க் பங்குச் சந்தையில் பெரும் முதலாளிகளோடு மோதித் தோற்று, நிறுவனத்தையும் கட்டி முடியாத மாளிகையையும் அவர் இழந்தார் என்பது தனிக்கதை. அம்மாளிகை பின்னர் மெம்பிஸ் நகரின் அரும்பொருட் காட்சியகமாயிற்று. மனிதர் அடங்கவில்லை. 1937இல் திறப்பு ஒன்றைக் கொண்டு பொருளைத் தெரிவுசெய்யும் தானியங்கிக் கடையொன்றையும் நடத்திப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. 1953இல் காலமானார்.

சோண்டர்ஸ் செய்தது முழுவதும் நன்மையே என்று எழுத மனம் ஒப்பவில்லை. மேசைக்குப் பின்னே நின்று பொருள் எடுத்துக்கொடுத்த ஊழியர்களின் தொகையைக் குறைப்பதே அவரது நோக்கம். கடன் கொப்பியும் அத்தோடு போயிற்று. மாத முடிவில் தரலாம் என்று சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை. ஆயினும், வேறொரு பக்கமும் உண்டு. மொழி தெரியாத ஒருவர் வாய் திறவாமலே வயிற்றுக்கு வேண்டியதை வாங்கக்கூடிய கடை உலகில் தோன்றியது அப்போதுதான். எண்பதுகளில் இந்நகரங்களுக்கு வந்து சேர்ந்த நம்மவர் பலருக்கு இதன் பெறுமதி தெரியும். பாலுக்குப் பிரெஞ்சில் 'லே' என்று சொல்லவேண்டும் என்பதை அறியுமுன்பே, பசுவின் படத்தைப் பார்த்துப் பாலை வாங்கினோம். மேசைக்கு முன்னே நின்று, பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சுவிட, தவறான உச்சரிப்போடு ஒரு பொருளைக் கேட்கும் கூச்சத்திலிருந்து அத்தட்டுகள் நம்மைக் காத்தன. நாயின் படம் போட்ட தகரப்பேணியை இறைச்சி என்று எண்ணி வாங்கி வந்த கதைகளும் நம்மிடையே உலவத்தான் செய்கின்றன. படத்தை நம்பினால் அதுவும் நேரும்.

பேச்சுக்குப் பதிலாகக் கண் வேலைசெய்ய வேண்டுமானால் வெளிச்சம் வேண்டும். இங்கேதான் புதிய கடைக்காரர்கள் இடர்ப்பட்டார்கள். அக்காலத்து மின்குமிழ் உட்கொள்ளும் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளிவிடும். அதைத் தட்டுக்குப் பக்கத்தில் பொருத்தினால் வெண்ணெய் உருகும், சொக்கிளேற் இளகும். ஆகவே விளக்குகள் உயரே கூரையிலேயே தொங்கின. மேல்தட்டின் நிழல் நடுத்தட்டிலும், நடுத்தட்டின் நிழல் கீழ்த்தட்டிலும் விழுந்தது. வாங்குபவர் குனிந்தால் அவரது தலையின் நிழலும் சேர்ந்துகொண்டது.

1938இல் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்றிக் நிறுவனம் குழல்விளக்கை விற்பனைக்கு விட்டது. நாம் 'ரியூப் லைற்' என்று அழைப்பது இதனையே. மறு ஆண்டு நியூயோர்க்கில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் மக்கள் அதைக் கண்டு வியந்தனர். குழலினுள்ளே பாதரச ஆவி மின்சாரத்தால் தூண்டப்பட்டு, கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரை வெளிவிடும். குழலின் உட்சுவரில் பூசப்பட்ட வெண்தூள் அதை வெள்ளொளியாக மாற்றும். மின்குமிழோடு ஒப்பிடுகையில் ஒரே அளவு மின்சாரத்தில் பன்மடங்கு ஒளி, வெப்பமோ குறைவு. போர்க்காலத் தொழிற்சாலைகள் அதை வாரி அணைத்துக்கொண்டன. போர் முடிந்ததும் கடைகளின் முறை வந்தது. பிரித்தானியாவில் சேன்ஸ்பரி நிறுவனம் தனது முதலாவது சுயசேவைக் கடையைக் குறொய்டனில் 1950இல் திறந்தது. 1951 அளவில் அமெரிக்காவில் குழல்விளக்குகள் தந்த மொத்த ஒளி, மின்குமிழ்கள் தந்த ஒளியை விஞ்சிவிட்டது.

இனி விளக்கு தட்டுக்கு இறங்கி வருவதற்குத் தடையில்லை. நீண்ட குழல்விளக்குக்கும் பொருளுக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால், பொருளின்மேல் விழும் ஒளி ஏறத்தாழ இரட்டிக்கும். கூரையில் பத்து விளக்குகள் செய்யும் வேலையைத் தட்டின் கீழே இரண்டு விளக்குகள் செய்துவிடும் என்று கடைக்காரர் கணக்குப் போட்டதில் வியப்பில்லை. தகட்டால் ஆன தட்டாயின் அடிப்பக்கத்தில் துளையிட்டுத் திருகாணியால் விளக்கை முடுக்கிவிடலாம். ஆனால் இதே காலத்தில் கடைகளுக்குள் கம்பி புகுந்துவிட்டது.

கம்பியின் வருகையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1937இல் ஒக்லஹோமா நகரத்துக் கடை உரிமையாளர் சில்வன் கோல்ட்மன் என்பவர், மடிப்புக் கதிரை ஒன்றின் சட்டத்தைப் பார்த்து, அதன்மேல் இரு கம்பிக் கூடைகளை ஏற்றி, கீழே சில்லுப் பூட்டித் தள்ளுவண்டியை உருவாக்கினார். கம்பிக் கூடை பாரமற்றது; உள்ளே இருப்பதை மறைக்காது; கடைக்காரருக்கு அது மிகவும் பிடித்த குணம். தட்டுக்கும் இந்தக் குணங்களைக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் லூயிஸ் மாஸ்லோ. 1929இல் அவர் தொடங்கிய கம்பிப் பொருள் நிறுவனம் பின்னர் மெற்றோ என்ற பெயரால் அறியப்பட்டது. பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி என்னும் பழைய நிலக்கரி நகரில் நிலைகொண்டது. அந்நிறுவனம் 1965இல் ஒரு கம்பித் தட்டை அறிமுகம் செய்தது. நான்கு மூலையிலும் ஓரங்குலத்துக்கு ஒரு வளையக் கீறல் இடப்பட்ட உருக்குத் தூண்கள். வேண்டிய உயரத்தில் இரு பாதிகளாலான பிளாஸ்ரிக் உறையைத் தூணில் மாட்டவேண்டும். உறை மேலே ஒடுங்கிக் கீழே பருத்திருக்கும். தட்டின் மூலை வளையம் அதன்மேல் இறங்கும்போது ஆப்புப்போல இறுகிக்கொள்ளும். பாரம் ஏற ஏறப் பிடி வலுக்கும். திருகாணியும் வேண்டாம், சாவியும் வேண்டாம்.

கம்பித் தட்டில் தூசி தேங்குவதில்லை, காற்றுத் தங்குதடையின்றி ஓடும், மேலிருந்து வரும் ஒளியும் ஓரளவு கீழே இறங்கும். மருத்துவமனைகளும் உணவகங்களின் குளிர் அறைகளும் அதை விரும்பி ஏற்றன. பாரிசின் சமையற்கூடங்களில் கோப்பை கழுவி வாழ்வைத் தொடங்கிய நம்மவருக்கு இத்தட்டுகள் புதியன அல்ல. மரக்கறிப் பெட்டிகளைத் தூக்கி வைத்தும் இறக்கியும், நள்ளிரவுக்குப் பின்னர் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தும் பழகிய கைகள் நம்முடையவை.

பின்னர் அத்தட்டு கடையின் முன்பக்கத்துக்கும் வந்தது. அப்போது விளக்கை எங்கே முடுக்குவது? கம்பியிலே துளையிட முடியாது. நாடாவால் கட்டினால் விளக்கு தொய்யும், துடைக்கும்போது கழன்றுபோகும். ஒட்டுப்பசைக்கு ஒட்டுவதற்கு மேற்பரப்பு இல்லை. எஞ்சிய வழி ஒன்றுதான்: கம்பியையே கவ்விப் பிடிப்பது.

கவ்வும் கலை புதிதன்று. இங்கிலாந்தில் ஊசித் தொழிலுக்குப் பெயர்போன றெடிச் நகரில் 1855இல் தொடங்கப்பட்ட ஹேபேட் ரெறி நிறுவனம் சுருள்வில் செய்வதில் வல்லது. ஜோர்ஜ் காவடைன் என்னும் பொறியியலாளர் 1932இல் ஆக்கவுரிமை பெற்ற, முழங்கைபோல் மடியும் மேசை விளக்கை உற்பத்தி செய்ததும் அந்நிறுவனமே. வளைத்த உருக்குத் தகட்டாலான அதன் கவ்விகள் 'ரெறி கிளிப்' என்ற பெயரிலேயே தொழிற்பட்டறைகளில் புழங்கின. குறட்டையும் சுத்தியலையும் சுவரில் தாங்கி நின்றவை அவை. அதே தத்துவந்தான் குழல்விளக்கைப் பிடிப்பதற்கும் உதவிற்று. கவ்வியின் வாய், பிடிக்கவேண்டிய பொருளின் தடிப்பைவிடச் சற்றே சிறிதாக இருக்கவேண்டும். அழுத்தினால் இதழ்கள் விரிந்து வழிவிடும்; பொருள் உள்ளே சென்றதும் பழைய நிலைக்கு மீள முயலும். அந்த மீளும் முயற்சியே பிடி.

கம்பித் தட்டுக் கவ்விக்கு வாய்கள் இரண்டு. ஒன்று தட்டின் முன்விளிம்புக் கம்பியைப் பற்றும், மற்றையது விளக்கைப் பற்றும். இரண்டுக்கும் இடையிலான கோணத்தில்தான் செய்பவரின் திறமை தெரியும். விளக்கு முன்விளிம்பில் இருந்தபடி ஒளியைக் கீழும் பின்னுமாக எறியவேண்டும். அப்போது பொருளின் முகம் துலங்கும், வாங்குபவரின் கண் கூசாது. கோணம் பிசகினால் எல்லாம் தலைகீழாகும். மலிவான பிளாஸ்ரிக்கில் செய்த கவ்விகள், விளக்கின் வெப்பமும் புற ஊதாக் கதிரும் பட்டு, சில ஆண்டுகளில் மஞ்சளித்து முறுகிவிடும். ஒருநாள் துடைக்கும்போது பட்டென்று ஒடியும். குளிர்ப்பெட்டிக்குள் இருப்பவை இன்னும் விரைவில் ஒடியும். உருக்குக் கவ்வி ஒடியாது. ஆனால் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், கம்பியின் பளபளப்பான பூச்சையும் கீறிவிடும்.

ஒளி எல்லாப் பொருளுக்கும் நண்பன் அன்று என்பதையும் சொல்லவேண்டும். கண்ணாடிப் போத்தலில் உள்ள பால் விளக்கின் அருகே நெடுநேரம் இருந்தால் அதிலுள்ள ரிபோஃபிளேவின் என்னும் உயிர்ச்சத்து சிதைந்து, பாலின் சுவையும் கெடும். இறைச்சிக்குச் செம்மை கலந்த ஒளியைப் பாய்ச்சிப் பழையதைப் புதியதுபோல் காட்டும் தந்திரமும் வணிகர்கள் அறிந்ததே. வாய்ப்பேச்சால் ஏமாற்றிய கடைக்காரரோடு வாதாடலாம். விளக்கோடு வாதாட முடியாது. வீட்டு வெளிச்சத்தில் பொதியைப் பிரித்த பின்னரே நிறம் தெரியவரும்.

காலப்போக்கில் குழல்கள் மெலிந்துகொண்டே வந்தன, கவ்வியின் வாயும் கூடவே சுருங்கிற்று. தொடக்கத்தில் குழலின் தடிப்பு 38 மில்லிமீற்றர். எழுபதுகளின் பிற்பகுதியில் 26 மில்லிமீற்றர். தொண்ணூறுகளின் நடுவில் 16 மில்லிமீற்றர். இதற்கிடையே யப்பானின் நிச்சியா நிறுவனத்தில் சூஜி நாகமுரா 1993இல் பிரகாசமான நீல ஒளி தரும் எல்.ஈ.டி.யை வெளிப்படுத்தினார். அதன்மேல் மஞ்சள் பூச்சிட்டு வெள்ளொளி பெறும் வழி 1996இல் வந்தது. இதற்கு அடிகோலிய ஆய்வுகளுக்காக அகசாகி, அமனோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. சூட்டின் தொல்லை பெருமளவு நீங்கிற்று. விளக்கு நாடாபோல மெலிந்தது, கவ்வியும் நகத்தளவாயிற்று.

பாதரசத்தின் தீங்கு கருதி, ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஓகஸ்ட் முதல் 26, 16 மில்லிமீற்றர்க் குழல்விளக்குகளைப் புதிதாகச் சந்தைக்கு விடுவதற்குத் தடை விதித்தது. கடைகளில் எஞ்சியிருந்தவை எரிந்து முடியும் வரை எரிந்தன. அவற்றின் இடத்துக்கு வந்த எல்.ஈ.டி. குழல்களுள் பல, பழைய குழலின் நீளத்திலும் ஏறத்தாழ அதே தடிப்பிலுமே செய்யப்படுகின்றன. உள்ளே பாதரசமும் இல்லை, ஆவியும் இல்லை. அத்தனை தடிப்பு அந்த விளக்குக்குத் தேவையும் இல்லை. தட்டுகளில் ஏற்கனவே கவ்விக்கொண்டிருக்கும் கிளிப்புகளைக் கழற்றாமலே புதிய விளக்கை மாட்டிவிட்டுப் போவதற்கு அந்த அளவு உதவுகின்றது.